கருவுற்ற தாயின் அச்சம்: பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வும் மேய்ப்புப்பணியும்

பிறப்பும் இறப்பும் ஆயருக்கு நன்கு பழகிய இடங்கள். குழந்தை பிறந்த வீட்டில் நன்றி கூறவும், துக்க வீட்டில் ஆறுதல் கூறவும் திருச்சபையில் ஒழுங்குமுறைகள் உண்டு. ஆனால் நன்றியும் துக்கமும் ஒரே வீட்டில், ஒரே தாயின் உள்ளத்தில் ஒருங்கே காணப்படும்போது நாம் செய்ய வேண்டியது யாது என்பதைப் போதிய அளவு சிந்தித்தோமில்லை. குழந்தை நலமாயிருக்கிறது, உறவினர் மகிழ்ந்திருக்கின்றனர், தாயோ காரணம் கூற இயலாமல் அழுகிறாள், உறங்காதிருக்கிறாள், குழந்தையைக் கையில் எடுக்கவும் அஞ்சுகிறாள். இந்நிலையை மருத்துவர்கள் பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு என்பர்.

இக்கட்டுரையில் அந்நோயைக் காட்டிலும், அந்நோய் வந்துவிடுமோ என்று கருவுற்ற காலத்திலேயே ஒரு பெண் கொள்ளும் அச்சத்தைக் குறித்தே நாம் சிறப்பாக எண்ணிப்பார்க்க விரும்புகிறோம். ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி தன் ஆயரிடம், "ஐயா, என் அக்கா பிள்ளை பெற்ற பிறகு மூன்று மாதம் யாரோடும் பேசவில்லை. எனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று இராத்திரியெல்லாம் தூக்கமில்லை" என்று கூறுவதாகக் கொள்வோம். நம்மில் பலர் உடனே கூறக்கூடிய விடைகள் மூன்று. "கவலைப்படாதே அம்மா" என்பது ஒன்று. "விசுவாசத்தோடு இரு" என்பது மற்றொன்று. "பிள்ளை முகத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது மூன்றாவது. இம்மூன்றும் அன்பினாலேயே கூறப்படுகின்றன. ஆயினும் இவற்றைக் கேட்ட பெண் இரண்டாம் முறை வாய்திறப்பது அரிது. அவளுடைய அச்சம் அவிசுவாசமன்று. ஏற்ற காலத்தில் கூறப்பட்ட ஒரு செய்தி அது. பேற்றுக்கு முந்திய மாதங்களே அச்செய்தியைக் கேட்டுச் செயற்படத் திருச்சபைக்கு அளிக்கப்பட்டுள்ள காலம். இதனையே நாம் இங்கு விளக்க முற்படுகிறோம்.

1. பொத்தேரியும் அதனையொத்த ஊர்களும்

தாம்பரத்திற்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையையும் செங்கற்பட்டு மின்ரயில் பாதையையும் ஒட்டி வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலைநகர் என ஊர்கள் தொடர்ச்சியாக வளர்ந்துள்ளன. கல்வி நிலையங்களையும் தொழிற்கூடங்களையும் கணினி நிறுவனங்களையும் நாடித் தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய இளங்குடும்பங்கள் இவ்வூர்களின் சபைகளில் மிகுதி. அடுக்குமாடி வீடுகளில் கணவனும் மனைவியும் மட்டுமே வாழ்கின்றனர். அண்டை வீட்டாரின் பெயரும் தெரியாத நிலையும் உண்டு.

இக்குடும்பங்களில் முதற்பேறு பெரும்பாலும் தாய்வீட்டிலேயே நடைபெறுகிறது. ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் வளையலிட்டு, ஆயரும் வந்து மன்றாடி, பெண்ணைத் தாய்வீட்டிற்கு அனுப்புவர். மூன்றாம் அல்லது ஐந்தாம் மாதம் குழந்தையோடு அவள் திரும்புவாள். இவ்வழக்கத்தால் மேய்ப்புப்பணிக்கு நேரும் ஒரு விளைவை நாம் கவனிக்க வேண்டும். மனச்சோர்வு தலைகாட்டக்கூடிய முதல் வாரங்களில் அவள் பொத்தேரி ஆயரின் பார்வையில் இல்லை. திருநெல்வேலியிலோ நாகர்கோவிலிலோ இருக்கிறாள். அவ்வூர் ஆயருக்கோ அவள் திருமணமாகிச் சென்றுவிட்ட பெண். பேற்றுக்காக வந்திருக்கும் விருந்தாளி. ஒருவர் வளையலிடும் நாளின் மகிழ்ச்சியைக் காண்கிறார். மற்றவர் திருமுழுக்கு நாளின் மகிழ்ச்சியைக் காண்கிறார். இடையில் நடந்ததை இருவரும் அறியார். தாய்வீட்டிற்குச் செல்ல வழியில்லாத பெண்களின் நிலையோ இன்னும் கடினமானது. கணவன் வேலைக்குச் சென்றபின் பச்சிளங்குழந்தையோடு அவர்கள் தனித்திருக்கின்றனர்.

2. மூவகை நிலைகள்

அஞ்சும் பெண்ணுக்குத் தெளிவான அறிவே ஓர் ஆறுதலாகும். ஆகவே ஆயரும் சிலவற்றைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம். பேற்றுக்குப் பின் தோன்றும் மனநிலைகளை மருத்துவர்கள் மூவகைப்படுத்துவர்.

முதலாவது, பேறுகால மனநெகிழ்வு. பிள்ளை பெற்ற பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மூன்றாம் நான்காம் நாளில் காரணமற்ற அழுகையும் எரிச்சலும் வருவதுண்டு. இது நோயன்று. ஓய்வும் பரிவும் கிடைக்குமாயின் பத்து நாட்களில், மிஞ்சினால் இரண்டு வாரங்களில், தானே நீங்கும்.

இரண்டாவது, மனச்சோர்வு. துயரமும், எதிலும் நாட்டமின்மையும், உறக்கமின்மையும், தான் நல்ல தாயல்லள் என்னும் குற்ற உணர்வும், சிலவேளைகளில் சாவைக் குறித்த எண்ணமும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்குமாயின் இதனை ஐயுற வேண்டும். பேற்றுக்குப் பின் ஓராண்டுக்குள் எப்போதும் இது தோன்றலாம். இரத்தச்சோகை, தைராய்டு சுரப்பிக் கோளாறு ஆகியவையும் இதனையொத்த தளர்ச்சியைத் தரும். ஆகையால் மருத்துவப் பரிசோதனை இன்றியமையாதது. இது குணப்படுத்தக்கூடிய நோய் என்பதை அஞ்சும் பெண்ணுக்கு நாம் முதலில் கூற வேண்டும்.

மூன்றாவது, பேற்றுக்குப் பிந்தைய உளப்பிணி. இது ஆயிரம் பேற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ வருவது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் திடீரெனத் தோன்றும். உறக்கம் முற்றிலும் அற்றுப்போதல், இல்லாத குரலைக் கேட்டல், குழந்தையைக் குறித்து விபரீதமான நம்பிக்கைகள் கொள்ளுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இது அவசரநிலை. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதனை ஆவியின் தொல்லை எனக் கருதி, உபவாசக் கூட்டத்திற்கு அழைத்துச் சென்று நாட்களைக் கடத்துவது தாயின் உயிருக்கும் சேயின் உயிருக்கும் கேடு விளைவிக்கலாம்.

3. இவ்வச்சம் பொருளற்றதா?

பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு மேலைநாட்டார் நோய் என்றும், கூட்டுக்குடும்பமும் நாற்பது நாள் ஓய்வும் பத்திய உணவும் உள்ள நம் நாட்டில் அதற்கு இடமில்லை என்றும் கருதுவோர் உண்டு. 1983இல் ஸ்டெர்ன், கிரக்மன் என்னும் ஆய்வாளர்கள் இருவரும், மரபுவழிச் சமூகங்களின் பேறுகாலச் சடங்குகள் தாயை மனச்சோர்வினின்று காக்கக்கூடும் என்று கருத்துரைத்தனர். இக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நம் மாநிலத்திலேயே செய்யப்பட்ட ஆய்வு வேறொன்றையும் நமக்கு உணர்த்துகிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த பிரதாப் தரியன், ஜெயபிரகாஷ் முளியில் முதலிய மருத்துவர்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பகுதி ஒன்றில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் இறுதி மூன்று மாதங்களிலும், பேற்றுக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களிலும் கண்டு உரையாடினர். 2002இல் வெளியான இவ்வாய்வின்படி, பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வுற்றோர் நூற்றுக்குப் பதினொருவர். அதற்கு ஏதுவாயிருந்தவை எவை? குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தமை, மாமியாரோடும் பெற்றோரோடும் இணக்கமின்மை, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்ச்சிகள், வீட்டு வேலையில் கைகொடுப்பார் இல்லாமை. அதே ஆண்டில் கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பேற்றுக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரங்களில் 252 தாய்மாரில் 59 பேர் மனச்சோர்வுற்றிருந்தனர். அங்கும் வறுமையும், கணவனின் வன்முறையும், குழந்தை பெண்ணாயிருந்தமையும் ஏதுக்களாயிருந்தன.

இவ்வேதுக்களுள் பல பேற்றுக்கு முன்னரே வீட்டில் இருப்பவை. மாமியாரோடு இணக்கமின்மை பிள்ளை பிறந்த அன்று தோன்றியதன்று. ஆண் குழந்தை வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அவ்வாறே. கர்ப்பிணியின் அச்சத்திற்குள் இவை யாவும் மறைந்திருக்கலாம். "மனச்சோர்வு வந்துவிடுமோ" என்று கேட்பவள், "பெண் பிறந்தால் என்னை ஏற்றுக்கொள்வார்களா?" என்று கேட்கலாம், "எனக்குத் துணை யார்?" என்றும் கேட்கலாம்.

மேலும், பேற்றுக்குப் பின் காணப்படும் மனச்சோர்வில் ஏறத்தாழப் பாதி, பேற்றுக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது என்பது இன்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்க் கையேட்டில், பேற்றுக்குப் பின் என்னும் வரையறையை விடுத்துப் பேற்றை ஒட்டிய காலம் என்று மாற்றியமைத்தது இதனாலேயே. கர்ப்ப காலத்தில் நீடிக்கும் பதற்றமும், முன்னர் ஒருமுறை மனச்சோர்வுற்றிருத்தலும் பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு முக்கிய முன்னறிகுறிகள். ஆகையால் அஞ்சும் பெண்ணின் சொல்லை வீண்கவலை என்று ஒதுக்கலாகாது. ஆயினும் அஞ்சுவோர் அனைவரும் நோயுறுவர் என்று கொள்வதும் தவறு. பலருக்கு ஒன்றும் நேராது.

இவ்வச்சத்தைக் கேட்டுச் செயற்படுவதால் பயன் உண்டா என்னும் வினாவுக்கு, நம் அண்டை நாட்டு அனுபவம் ஒன்று விடையளிக்கிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி நகர அரசு மருத்துவமனை ஒன்றில், பதற்றமுற்றிருந்த கர்ப்பிணிகளுக்கு மனநல மருத்துவரல்லாத, பயிற்சி பெற்ற பெண்கள் சில அமர்வுகளில் ஆற்றுப்படுத்தும் உதவியை அளித்தனர். 2024இல் வெளியான இவ்வாய்வில், இறுதிவரை தொடர்ந்த 755 பெண்களை ஆராய்ந்தபோது, அவ்வுதவியைப் பெற்றோரில் பேற்றுக்குப் பின் ஆறு வாரங்களில் மனச்சோர்வுற்றோர் நூற்றுக்குப் பன்னிருவர். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு நாற்பத்தொருவர். உதவி செய்தோர் வல்லுநர் அல்லர். ஆனால் பயிற்சி பெற்றவர்கள், ஒழுங்காக வந்தவர்கள். நம் சபைகளின் பெண்கள் ஐக்கிய சங்கங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு.

4. திருமறை நோக்கு

"கவலைப்படாதே" என்னும் அறிவுரைக்கு மத்தேயு 6ஆம் அதிகாரத்தையும் பிலிப்பியர் 4:6ஐயும் நாம் ஆதாரமாகக் காட்டுவது வழக்கம். இவ்விடங்களில் வரும் கிரேக்க வினைச்சொல் மெரிம்னாவோ என்பதாம். ஆனால் அதே பிலிப்பியர் நிருபத்தில், 2:20இல், சபையாரின் நலனை உண்மையாய்க் கருதும் தீமோத்தேயுவைப் பவுல் பாராட்டுமிடத்திலும் இச்சொல்லே வருகிறது. 1 கொரிந்தியர் 12:25இல், உடலின் உறுப்புகள் ஒன்றைக்குறித்து ஒன்று கொள்ளவேண்டிய அக்கறைக்கும் இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. 2 கொரிந்தியர் 11:28இல், எல்லாச் சபைகளையும் குறித்து நாள்தோறும் தன்னை நெருக்கும் கவலையைப் பற்றிக் கூறும்போது இதன் பெயர்ச்சொல்லைப் பவுல் தயக்கமின்றிக் கையாளுகிறார்.

இதனால் நாம் அறிவது யாது? திருமறை கவலை முழுவதையும் விலக்கவில்லை. தனிமையில் ஒருவரை அரிக்கும் கவலையைக் கடவுளிடமும் உடன் உறுப்புகளிடமும் ஒப்புவிக்கச் சொல்லுகிறது. கருவுற்ற பெண் தன் குழந்தையைக் குறித்துக் கொள்ளும் அச்சம் அன்பின் மறுபக்கமே. "கவலைப்படாதே" என்று அவளுக்குக் கூறும் சபை, அவள் கவலையில் ஒரு பகுதியைத் தான் ஏற்றுக்கொண்டாலன்றி, அவ்வசனத்தைப் பாதியாகவே போதித்ததாகும்.

எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில் மோசே தன்னையே ஒரு தாய்க்கு ஒப்பிட்டு முறையிடுகிறார். இம்மக்கள் எல்லாரையும் கருத்தரித்துப் பெற்றவன் தானோ என்று கேட்டு, பாரம் தாங்காமல் தன்னைக் கொன்றுபோடும்படி கடவுளிடம் வேண்டுகிறார். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் விசுவாசத்தைச் சோதிக்கவுமில்லை. பாரத்தைப் பகிர்ந்து சுமக்க எழுபது மூப்பர்களைத் தருகிறார். சாவை விரும்பிப் பேசிய ஒருவருக்குக் கடவுள் அளித்த விடை, ஆட்களின் துணையாயிருந்தது.

இதற்கு மாறான ஒரு காட்சி 1 சாமுவேல் 4ஆம் அதிகாரத்தில் உள்ளது. பினெகாசின் மனைவி துயரச் செய்தி கேட்டுப் பேறுகால வேதனையுற்றபோது, அருகிலிருந்த பெண்கள் அஞ்சவேண்டாம் என்றும், ஆண்மகன் பிறந்திருக்கிறான் என்றும் தேற்றினர். அவளோ விடை கூறவுமில்லை, அதனைப் பொருட்படுத்தவுமில்லை. மகன் பிறந்தான் என்னும் செய்தியே தாயின் துயருக்கு மருந்தாகும் என்று எண்ணுவோர்க்கு இப்பகுதி ஓர் எச்சரிக்கை. அவள் அருகில் இருந்தோர் நல்லோரே. ஆனால் அவளுடைய துயரம் எதைப்பற்றியது என்பதை அவர்கள் கேட்கவில்லை.

லூக்கா முதலாம் அதிகாரத்தில் மரியாள் கருவுற்றவுடன் மலைநாட்டிலிருந்த எலிசபெத்தின் வீட்டிற்கு விரைந்து சென்று, ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே தங்குகிறாள். இரக்கம் நிறைந்த ஒரு மூத்த பெண்ணின் வீடு அவளுக்குத் திறந்திருந்தது. நம் சபையில் ஓர் இளம் கர்ப்பிணிக்கு அத்தகைய வீடு எது?

5. ஆயர் செய்யத்தக்கவை

முதலாவது, கேட்டல். அச்சத்தை வெளியிடும் பெண்ணுக்கு உடனே விடை கூறாமல், "எதை நினைத்து அதிகமாகப் பயப்படுகிறீர்கள் அம்மா?" என்று கேட்பது பயன்தரும். கடந்த ஒரு மாதத்தில் அடிக்கடி மனந்தளர்ந்து நம்பிக்கையிழந்தீர்களா, முன்பு விரும்பியவற்றில் நாட்டமில்லாமற் போயிற்றா என்னும் இரு கேள்விகளை மருத்துவர்கள் முதல்நிலைச் சோதனையாகப் பயன்படுத்துகின்றனர். இவற்றை ஆயரும் கேட்கலாம். 1987இல் காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி ஆகியோர் வகுத்த எடின்பரோ அளவுகோல் பத்துக் கேள்விகளை உடையது. அதன் தமிழ் வடிவமும் வேலூரில் சரிபார்க்கப்பட்டுள்ளது. ஆயினும் நோயை உறுதிசெய்வது மருத்துவரின் பணியேயன்றி ஆயரின் பணியன்று. சாவைக் குறித்த எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்கத் தயங்கலாகாது. கேட்பதனால் அவ்வெண்ணம் பிறப்பதில்லை.

இரண்டாவது, மருத்துவத்திற்கு வழிகாட்டல். பொத்தேரியைச் சுற்றிலும் இதற்குக் குறைவில்லை. பொத்தேரியிலேயே எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மின்ரயிலில் எளிதில் செல்லத்தக்க செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. 2022இல் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்னும் அரசின் இலவசத் தொலைபேசி உதவியை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் பெறலாம். முன்னர் மனநோய்க்கு மருந்து உட்கொண்டிருந்த பெண், கருவுற்றவுடன் அதைத் தானாகவே நிறுத்திவிடலாகாது. மருத்துவரைக் கலந்தே முடிவு செய்யவேண்டும். மருந்தை நிறுத்துவதே விசுவாசத்தின் அடையாளம் என்று எந்தப் பிரசங்கபீடத்திலிருந்தும் கூறப்படலாகாது.

மருத்துவமனைக்குச் சென்றால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்னும் அச்சமும் பெண்களிடம் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் தாயினின்று மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்று விதித்துள்ளது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு இயங்கி வருகிறது. இச்செய்திகளை நாம் அறிந்து கூறினால் பெண்களின் அச்சம் ஓரளவேனும் தணியும்.

மூன்றாவது, பேற்றுக்கு முன்னரே திட்டமிடல். பிள்ளை பிறந்தபின் இரவில் குழந்தையை யார் கவனிப்பார், தாய் தொடர்ந்து சில மணிநேரம் உறங்க வழி யாது, சமையலுக்கு யார் வருவார், மனநிலை மாறினால் முதலில் யாரிடம் கூறுவாள், கணவன் என்னென்ன அறிகுறிகளைக் கவனிப்பான் என்பவற்றை ஏழாம் மாதத்திலேயே கணவனோடும், கூடுமாயின் இருவீட்டுத் தாய்மாரோடும் அமர்ந்து பேசலாம். மாமியாரைக் குற்றவாளியாக்காமல் துணையாக்குவதே இதன் நோக்கம். அப்பெண் ஆயரிடம் தனிமையில் கூறியதை அவளுடைய இசைவின்றி வீட்டாரிடம் வெளியிடலாகாது.

நான்காவது, ஆயருக்கு ஆயர் எழுதும் மடல். தாய்வீட்டிற்குச் செல்லும் பெண்ணின் இசைவோடு, அவ்வூர் ஆயருக்கும் ஆயரம்மாவுக்கும் நாம் ஒரு வரி எழுதினால், அல்லது தொலைபேசியில் கூறினால், இரு சபைகளுக்கும் இடையே உள்ள இடைவெளி அடைபடும். சபை மாறிச் செல்வோருக்கு அறிமுகக் கடிதம் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அதனைப் பேறுகாலத்திற்கும் விரிவாக்கலாம்.

ஐந்தாவது, நம் மன்றாட்டின் சொற்கள். வளையலிடும் வீட்டில் ஆண்மகவைத் தந்தருளும் என்று ஆயரே மன்றாடுவாராயின், வேலூர் ஆய்வு சுட்டிய ஏதுக்களுள் ஒன்றை அவரே அவ்வீட்டில் விதைத்தவராவார். குழந்தைக்காக மன்றாடும்போது தாயையும் பெயர் சொல்லி, அவளுடைய உறக்கத்துக்காகவும் மனநலத்துக்காகவும் மன்றாடுதல் நலம். பேற்றுக்குப் பின் தாய் ஆலயத்திற்கு வரும் நாளின் நன்றி வழிபாடும் இவ்வாறே அமையவேண்டும். 1662ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகத்தில் இவ்வழிபாட்டிற்குக் குறிக்கப்பட்டுள்ள சங்கீதங்களுள் ஒன்று 116. மரணக்கட்டுகளையும் இக்கட்டையும் சஞ்சலத்தையும் வெளிப்படையாகக் கூறும் சங்கீதம் அது. பழைய வழிபாட்டில் தாயின் துயரத்திற்கும் இடமிருந்தது. இன்று அந்நாளில் நாம் படமெடுத்துக் கொள்வதோடு நின்றுவிடாமல், தாயைத் தனியே கண்டு, "நீங்கள் எப்படியிருக்கிறீர்கள்?" என்று கேட்பது வழிபாட்டின் ஒரு பகுதியாகட்டும்.

முடிவாக, இறையியல் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். ஆற்றுப்படுத்தும் கலையைப் பயிலும்போது, சாவையும் மணமுறிவையும் மதுப்பழக்கத்தையும் குறித்துக் கற்கிறோம். கருவுற்ற பெண்ணின் அச்சத்தைக் குறித்து அரிதாகவே கற்கிறோம். அவளிடம் இன்னும் சில மாதங்கள் உள்ளன. ஒரு வீட்டைத் திறந்துவைக்கவும், ஒரு மருத்துவரைக் காணவும், ஒரு கணவனுக்குக் கற்பிக்கவும், ஓர் ஆயருக்கு எழுதவும் அம்மாதங்கள் போதும். நம் சபையில் இன்று கருவுற்றிருப்போர் எத்தனைபேர், அவர்களுள் தன் அச்சத்தை நம்மிடம் கூறக்கூடியவர் எத்தனைபேர் என்று ஒவ்வோர் ஆயரும் தம் சபைப் பதிவேட்டைத் திறந்து எண்ணிப்பார்ப்பாராக.